அறுவை சிகிச்சை முடிந்ததும் அப்பாவுக்கு முழு ஆக்சிஜன் வைக்கச் சொல்லலாமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக: அப்பாவுக்கு 66 வயது. நாற்பது வருடம் புகைபிடித்தவர், ஐந்து வாரங்களுக்கு முன்புதான் நிறுத்தினார். சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் இருக்கிறது, தினமும் இன்ஹேலர் எடுக்கிறார். வலது நுரையீரலின் மேல் மடலில் ஒரு கட்டி. மூன்று வாரத்தில் அந்த மடலை அகற்றப்போகிறார்கள். சில வருடங்களுக்கு முன் சித்தப்பாவுக்கு இதய பைபாஸ் நடந்தபோது, மூக்கில் சின்னக் குழாய் வழியாக இரண்டு லிட்டர் ஆக்சிஜன் மட்டும் வைத்தார்களாம். நான்காம் நாள் நிமோனியா வந்து வென்டிலேட்டர் வரை போய், ஒருவழியாகப் பிழைத்தார். "ஆரம்பத்திலேயே முழு ஆக்சிஜன் கொடுத்திருந்தால் இந்தப் பாடு இல்லை" என்று வீட்டில் எல்லாரும் இன்றும் சொல்கிறார்கள். அதனால் அப்பாவுக்கு முதல் மணி நேரத்திலிருந்தே மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் வைக்கச் சொல்லி வற்புறுத்தலாமா? ஹை-ஃப்ளோ கருவி உள்ள படுக்கையைக் கேட்டு வாங்கலாமா? வீட்டில் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வாங்கி வைக்கலாமா? இவை மூன்றும் வாசகியின் கேள்விகள். கூடவே மூன்று செய்திகளும் எழுதியிருக்கிறார். அப்பா வலி மருந்து வேண்டாம் என்கிறார், பழகிவிடுமோ என்று பயம். பத்து நாளைக்கு அவரைப் படுக்கையை விட்டு எழுப்பக்கூடாது என்று அண்ணன் சொல்கிறார். சிகரெட்டை நிறுத்திய பிறகு அப்பாவுக்கு இருமலும் சளியும் கூடியிருக்கின்றன. "ஆபரேஷன் நெருக்கத்தில் நிறுத்தினால் ஆபத்து" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மறுபடி ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிறார்.

மருத்துவர் பதில்

அன்புள்ள சகோதரி,

கடைசியில் எழுதியிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். அப்பா மறுபடி சிகரெட்டைத் தொடவே கூடாது. அறுவை சிகிச்சைக்குச் சற்று முன்னால் புகையை விட்டால் சிக்கல் கூடும் என்ற சந்தேகம் ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கே இருந்தது. பிறகு வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எவ்வளவு முன்னால் நிறுத்துகிறாரோ அவ்வளவு நல்லது, நான்கு வாரத்தைத் தாண்டினால் நுரையீரல் சிக்கல்கள் குறைவது தெளிவாகவே தெரிகிறது. உங்கள் அப்பா அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் மறுபடி வேலைக்கு வருவதால், புகையை நிறுத்திய பிறகு சிலருக்குக் கொஞ்ச நாள் சளி கூடுவது உண்டு. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், காய்ச்சல் வந்தாலும் உடனே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சில் தொற்று இருக்கும்போது தேதியைத் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம்.

சரி, இனி ஆக்சிஜன்.

இரண்டு லிட்டர் குறைவா?

சித்தப்பாவின் கேஸ் தாள்களைப் பார்க்காமல் அவருக்கு ஏன் நிமோனியா வந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் "இரண்டு லிட்டர்தான் வைத்தார்கள்" என்பதைக் காரணமாகப் பிடித்துக்கொண்டு உங்கள் குடும்பம் இத்தனை வருடம் வருந்தியிருக்கத் தேவையில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். மூக்குக் குழாயில் ஒரு லிட்டர் கூட்டினால் அது ஏறக்குறைய 4 சதவீதம் ஏறும். இரண்டு லிட்டர் என்றால் சுமார் 28 சதவீதம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தால் அதுவே போதும். குறைவாக இருந்தால்தான் கூட்ட வேண்டும். எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பதை விட, விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் என்ன காட்டுகிறது, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை முறை ஓடுகிறது என்பவைதான் செவிலியர் பார்க்கும் கணக்கு.

நெஞ்சு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நுரையீரலில் நடப்பது இதுதான். மயக்கம் கொடுத்த சில நிமிடங்களிலேயே, பெரும்பாலான நோயாளிகளுக்கு நுரையீரலின் கீழ்ப்பகுதியில் உள்ள காற்றுப்பைகள் கொஞ்சம் சுருங்கிவிடும். மடலை அகற்றும் அறுவை சிகிச்சையில் இன்னும் ஒரு படி அதிகம். அறுக்கிற பக்கத்து நுரையீரலை வேண்டுமென்றே சுருங்க விட்டு, மற்ற நுரையீரல் ஒன்றை வைத்தே மூச்சை நடத்துவார்கள். மீதியிருக்கும் மடல்களைக் கடைசியில் மறுபடி விரிப்பார்கள். விழித்தபின் வலி. ஆழமாக மூச்சிழுத்தால் விலா பிடுங்கும், இருமினால் உயிர் போகும். அதனால் நோயாளி தன்னையறியாமல் மேல் மூச்சாகவே விடுவார், சளியைத் துப்பாமல் விழுங்குவார் அல்லது உள்ளேயே விட்டுவிடுவார். சுருங்கிய பகுதி சுருங்கியபடி கிடக்கும், சளி தேங்கும், அதில் கிருமி வளரும். மூன்றாம் நான்காம் நாளில் காய்ச்சலும் நிமோனியாவும் தலைகாட்டுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இந்தச் சங்கிலியில் ஆக்சிஜன் எந்தக் கண்ணியை அறுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ரத்தத்தில் குறைந்த ஆக்சிஜனை அது ஈடுகட்டுகிறது. இதயமும் மூளையும் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்கிறது. அது பெரிய உதவிதான். ஆனால் மூக்குக் குழாயோ சாதாரண மாஸ்க்கோ சுருங்கிய பைகளை விரிப்பதில்லை, சளியை வெளியேற்றுவதுமில்லை. புதிய பிளாஸ்டிக் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தால், நல்ல காற்றை அதன் வாயருகே காட்டினால் திறக்காது, உள்ளே அழுத்தமாக ஊதினால்தான் திறக்கும். ஆழ்ந்த மூச்சும் இருமலும் நடையும் செய்வது அந்த வேலையைத்தான்.

"முழு ஆக்சிஜன்" எங்கே இடிக்கிறது?

இங்கே இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது எல்லாருக்கும் பொருந்தும். சாதாரணக் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ரத்தம் அதை அதிகம் உறிஞ்சாது, அதனால் அது காற்றுப்பைகளுக்குள்ளேயே நின்று அவற்றைத் தாங்கிப்பிடிக்கிறது. நூறு சதவீத ஆக்சிஜனைக் கொடுத்தால் அந்த நைட்ரஜன் வெளியேறிவிடும். எங்காவது சளி அடைத்துக்கொண்டால், அதற்குப் பின்னால் சிக்கிய ஆக்சிஜன் முழுவதையும் ரத்தம் உறிஞ்சிவிட, அந்தப் பகுதி சீக்கிரமே சுருங்கிப்போகும். நுரையீரல் சுருங்கக்கூடாது என்பதற்காகக் கொடுத்த ஆக்சிஜனே அதைச் சுருக்கவும் கூடும்.

இரண்டாவது உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு. சி.ஓ.பி.டி. உள்ள சிலருக்கு ஆக்சிஜன் அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஆரம்பிக்கும். முதலில் தலைவலி, பிறகு தூக்கக் கலக்கம், குழறல், கடைசியில் எழுப்பினாலும் விழிக்காத நிலை. வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து "நல்லாத் தூங்குகிறார், ஆக்சிஜனும் 99 காட்டுகிறது" என்று நிம்மதியாக இருப்பார்கள். ஆக்சிமீட்டருக்குக் கரியமில வாயு தெரியாது, அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். சி.ஓ.பி.டி. திடீரென்று முற்றி ஆம்புலன்சில் வந்தவர்களை வைத்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மானியாவில் ஒரு ஆய்வு நடந்தது, 2010-ல் வெளியானது. மாஸ்க்கில் அதிக ஆக்சிஜன் கொடுத்தவர்களை விட, ஆக்சிமீட்டர் காட்டும் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் நிறுத்தி அளந்து கொடுத்தவர்களில் இறப்பு வெகுவாகக் குறைந்தது. அது அறுவை சிகிச்சை நோயாளிகள் பற்றியது அல்ல. ஆனாலும் உடம்பின் இயல்பு மாறிவிடாது.

அதனால்தான் கரியமில வாயு ஏறும் அபாயம் உள்ளவர்களுக்கு 88–92 என்றும், மற்றவர்களுக்கு 94–98 என்றும் இலக்கு வைத்துக்கொண்டு ஆக்சிஜனைக் கூட்டிக் குறைக்கிறார்கள். அப்பாவுக்கு எந்த இலக்கு என்பதை அவருடைய ரத்த வாயுப் பரிசோதனையைப் பார்த்து முடிவு செய்வார்கள். சி.ஓ.பி.டி. உள்ள எல்லாருக்கும் கரியமில வாயு ஏறுவதில்லை. ஆகவே அப்பாவின் படுக்கைக்கு மேலே உள்ள திரையில் 91 என்று பார்த்துவிட்டுச் செவிலியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். "இவருக்கு என்ன இலக்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அதே நேரம், இலக்குக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் சும்மா இருக்கவும் வேண்டாம். கை குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் கருவி தப்பாகக் காட்டும். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மையான அளவை விடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் தெரிந்த விஷயம். நோயாளி மூச்சுக்குத் திணறுவது கண்ணுக்குத் தெரிந்தால், எண் நன்றாக இருந்தாலும் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஹை-ஃப்ளோ படுக்கை வேண்டுமா?

இந்தக் கருவி நல்ல கருவிதான், அதில் சந்தேகமில்லை. காற்றையும் ஆக்சிஜனையும் தேவையான விகிதத்தில் கலந்து, உடம்புச் சூட்டுக்குச் சூடாக்கி, ஈரமாக்கி, நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை மூக்கில் செலுத்தும். ஈரம் இருப்பதால் சளி காய்ந்து கெட்டியாகாது. கொஞ்சம் அழுத்தமும் கிடைக்கும், வாயைத் திறந்தால் அது குறைந்துவிடும். சிபாப் என்ற இறுக்கமான மாஸ்க்கில் அழுத்தம் இன்னும் அதிகம், ஆனால் பலருக்கு அது மூச்சு முட்டுவது போலிருக்கும்.

எல்லாருக்கும் முன்னெச்சரிக்கையாக வைத்தால் பலன் உண்டா என்பதில்தான் ஆய்வுகள் நம் ஆசைக்கு இணங்கவில்லை. நுரையீரல் பகுதியை அகற்றிய 96 பேரிடம் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், முன்னெச்சரிக்கையாக ஹை-ஃப்ளோ வைத்தவர்களுக்கும் சாதாரண ஆக்சிஜன் வைத்தவர்களுக்கும் ஆக்சிஜன் குறைவு ஏற்பட்டதில் வித்தியாசம் தெரியவில்லை. வயிற்றுப் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் 4,700-க்கும் மேற்பட்டவர்களிடம் சிபாப் வைத்துப் பார்த்த ஆய்வு 2021-ல் வந்தது. நிமோனியாவையும் இறப்பையும் அது குறைக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே மூச்சுக்குத் தடுமாறுகிறவர்கள், தடுமாறக்கூடும் என்று கணிக்கப்பட்டவர்கள் விஷயம் வேறு. இதய, நெஞ்சு அறுவை சிகிச்சை முடிந்த அப்படிப்பட்ட 830 பேரிடம் செய்த ஆய்வில் (2015), இறுக்கமான மாஸ்க் மூலம் அழுத்தம் தரும் முறைக்கு ஹை-ஃப்ளோ சளைத்ததாக இல்லை, தோல் புண்ணாவதும் குறைவாக இருந்தது.

ஆக, என் கருத்து இது: கருவி மருத்துவமனையில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், முதல் நிமிடத்திலிருந்து மூக்கில் மாட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். மாட்டிவிட்டால் நோயாளி படுக்கையோடு கட்டுண்டு கிடப்பார், நடை குறையும். இன்னொன்று, ஹை-ஃப்ளோவில் எண்கள் நன்றாகத் தெரிவதை நம்பி, உண்மையில் வென்டிலேட்டர் தேவைப்படுகிறவருக்கு அதைத் தாமதித்தால் ஆபத்து. அப்பாவின் நுரையீரல் திறன் மிகவும் குறைவு என்று சோதனையில் தெரிந்தாலோ, உடல் பருமன் இருந்தாலோ, மருத்துவரே முன்கூட்டி வைக்கச் சொல்லலாம். அது நியாயமான முடிவுதான். கடிதத்தில் குறட்டை பற்றி எதுவும் இல்லை. பலத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் இருந்தால், மயக்க மருந்து தரும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் திட்டம் அதனால் மாறும்.

கையில் இருக்கும் மூன்று வாரம்

இதில்தான் உங்கள் சக்தியைச் செலவிடச் சொல்வேன். மேல் வயிற்று அறுவை சிகிச்சைக்குப் போகவிருந்த 441 பேரிடம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் செய்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தமானது. அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒரு பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் உட்கார்ந்து, நுரையீரல் எப்படிச் சுருங்குகிறது, விழித்தவுடன் என்ன மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவ்வளவுதான். நுரையீரல் சிக்கல்கள் பாதிக்கும் கீழே இறங்கின. நெஞ்சு அறுவை சிகிச்சையில் அதே அளவு பலன் வரும் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் அரை மணி நேரத்தில் இழப்பதற்கு என்ன இருக்கிறது? அறுவை சிகிச்சைக்கு முன்பே பிசியோதெரபிஸ்டைப் பார்க்க நேரம் வாங்கிவிடுங்கள்.

மூன்று பந்து உள்ள ஸ்பைரோமீட்டர் ஒன்றைத் தருவார்கள். பலர் அதை ஊதுகுழல் என்று நினைத்து ஊதுவார்கள். அது இழுக்கும் கருவி. உதடுகளை இறுக்கமாக வைத்து மெதுவாக உள்ளே இழுத்து, பந்து மேலே நிற்கும்போது இரண்டு மூன்று விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். விசுக்கென்று இழுத்து மூன்று பந்தையும் துள்ளவிடுவதில் பயனில்லை. அந்தக் கருவி மட்டும் தனியாகப் பெரிய அற்புதம் செய்துவிடும் என்றும் எண்ண வேண்டாம், ஆழமாக மூச்சிழுக்க அது ஒரு நினைவூட்டல். இருமலுக்கும் ஒரு முறை இருக்கிறது. உட்கார்ந்து, தலையணையைக் காயத்தின் மேல் இறுக அணைத்துக்கொண்டு, ஆழமாக மூச்சிழுத்து, வாயைத் திறந்து "ஹா" என்று கண்ணாடியில் ஆவி பிடிக்கச் செய்வது போல இரண்டு தடவை பலமாக விட்டு, அப்புறம் இரும வேண்டும். இதை வலியில்லாத இப்போதே பழகிக்கொண்டால் அன்றைக்குக் கை தானாகத் தலையணையைத் தேடும்.

தினமும் மூச்சு லேசாக வாங்கும் அளவுக்கு நடக்கட்டும். இன்ஹேலரை ஒரு வேளைகூட விடாமல், சரியான முறையில் எடுக்கிறாரா என்று ஒருமுறை மருத்துவர் முன் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காலை இரவு பல் துலக்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாயில் உள்ள கிருமிதான் பல நேரம் நுரையீரலுக்கு இறங்குகிறது.

வலி மருந்தும் அண்ணனின் பத்து நாளும்

வலி இருந்தால் மூச்சு ஆழமாகாது, இருமல் வராது. அதனால் இந்த அறுவை சிகிச்சையில் வலி மருந்து நுரையீரல் சிகிச்சையின் ஒரு பகுதி. முதுகில் எபிடியூரல் குழாய் (முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் மரப்பு மருந்து செலுத்தும் மெல்லிய குழாய்) வைப்பது, முதுகெலும்புக்கு ஓரமாக நரம்பை மரக்கச் செய்வது போன்ற வழிகளால் மார்பு வலியை அந்த இடத்திலேயே அடக்கலாம், தூக்கம் தரும் வலி மருந்து குறைவாகப் போதும். மருத்துவமனையில் சில நாள் அளவாகக் கொடுக்கும் மருந்தால் அடிமையாகிவிடுவாரோ என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதுதான் அப்பாவுக்குப் பெரிய ஆபத்து. அந்த வகை மருந்து அளவு மீறினால் மூச்சு மந்தமாகும் என்பது உண்மை, அதற்குத்தான் கண்காணிப்பு இருக்கிறது.

அண்ணனுக்கு இதைச் சொல்லுங்கள்: பிரச்சினை ஏதும் இல்லை என்றால் மறுநாளே நாற்காலியில் உட்கார வைப்பார்கள், நடக்கவும் வைப்பார்கள். நெஞ்சில் குழாய் இருக்கும், அது தண்ணீருள்ள பாட்டிலில் போய்ச் சேரும். பாட்டிலை எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு கூட நடப்பது அண்ணனுக்கு நல்ல வேலை. குமிழி வந்தால் பதற வேண்டாம், நுரையீரலிலிருந்து கசியும் காற்று அது. பொதுவாகச் சில நாளில் நின்றுவிடும். குமிழி திடீரென்று பெருகினாலும், கூடவே மூச்சுத் திணறினாலும் உடனே செவிலியரைக் கூப்பிட வேண்டும். குழாயை நீங்களாக மடக்கவோ கிளிப் போடவோ கூடாது.

எதை வற்புறுத்தலாம், எதைக் கூடாது

அப்பாவுக்கான அபாயம் எவ்வளவு, மாற்று வழி உண்டா, சிறு துளைகள் வழியே செய்ய முடியுமா என்பதையெல்லாம் அவருக்குப் புரியும் மொழியில் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுவது அவருடைய உரிமை. மயக்க மருந்து தருபவரை முன்பே சந்திப்பதும், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் அப்படியே. ஒரு சிகிச்சை வேண்டாம் என்று மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் கெடுதல் என்று மருத்துவர் கருதும் அளவில் ஆக்சிஜனைக் கூட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. உறவினர் யாரோ இரவில் ஆக்சிஜன் மீட்டரைத் திருகிக் கூட்டிவிடுவது நான் அறிந்த விஷயம். உங்கள் வீட்டில் யாரும் அதைச் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வற்புறுத்துவதென்றால் இவற்றை வற்புறுத்துங்கள்:

- ஆக்சிஜன் இலக்கு என்ன என்பதைத் தாளில் எழுதி வைப்பது
- முதல் நாளிலிருந்தே பிசியோதெரபி
- இருமக்கூடிய அளவுக்கு வலிக் கட்டுப்பாடு
- இரவில் மோசமானால் யாரை அழைப்பது, ஐசியூவில் இடம் உண்டா என்ற விவரம்

கான்சென்ட்ரேட்டர்

இப்போதே வாங்காதீர்கள். வீட்டிலேயே நீண்ட நாள் ஆக்சிஜன் என்பது, ஓய்வில் இருக்கும்போதே அளவு 88 அல்லது அதற்குக் கீழே நிற்பவர்களுக்கானது. ஒரு நாளில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தால்தான் அதற்குரிய பலன். "மூச்சு வாங்குகிறதே" என்று அவ்வப்போது மாட்டிக்கொள்வது நிமோனியாவைத் தடுக்காது. சிலரை ஆக்சிஜனோடு வீட்டுக்கு அனுப்புவார்கள், அவர்களில் பலருக்குச் சில வாரத்தில் தேவை தீர்ந்துவிடும் என்பதால் மறுபடி அளந்து பார்ப்பது அவசியம். அப்படி வந்தால் கருவி இருக்கும் அறையில் நெருப்போ சிகரெட்டோ கூடாது, மூக்கில் எண்ணெய்ப் பசையுள்ள களிம்பும் தடவக்கூடாது.

காய்ச்சல், சளி நிறம் மாறுவது, மூச்சு திடீரென்று கூடுவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, குழம்பிப் பேசுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் வீட்டில் ஆக்சிஜன் வைத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளன்று, ஆக்சிஜனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த நிலையில் ஒரு முறையும், வராந்தாவில் நடந்த பிறகு ஒரு முறையும் அளந்து இரண்டு எண்ணையும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கான்சென்ட்ரேட்டர் வேண்டுமா என்பதை அந்த எண்களை வைத்து மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம்.